தொலைவும் பொழுதும்

யூபிலி மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டிருந்தனர். தமிழாசிரியன் ஒருவனிடம் வேறு எதனைக் கேட்பர்? சிலம்போ கம்பரோ என்று எண்ணித் தாளையும் எடுத்து வைத்தோம். ஆயினும், எழுத அமர்ந்த ஒவ்வொரு முறையும் வேறொரு பொருளே வந்து முன்னின்றது. அஃது இலக்கியமன்று, ஒரு கணக்கு. இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம் எவ்வளவு, அதனைக் கடக்கும் நேரம் எவ்வளவு என்னும் எளிய கணக்கு. பூமிசாத்திர ஆசிரியர் எழுதவேண்டியதைத் தமிழாசிரியன் எழுதுகின்றானே என அன்பர்கள் நகைத்தல் கூடும். விபுலாநந்த அடிகளார் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். கணக்கறிந்தவராதலினன்றோ யாழ்நூல் செய்தார் என்று எமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் ஒன்றையன்றி வேறெதுவும் இல்லாத எமக்கு அவ்வொப்புமை தகாது என்பதையும் அறிவோம். நிற்க.

2018 ஆம் ஆண்டில் ஒருநாள், எட்டாம் வகுப்பிலே அளவைப் பெயர்களைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தோம். காதம், யோசனை என்பன ஏட்டிலே நின்றுவிட்டன. ஆனால் கூப்பிடுதூரம் என்பது இன்னும் வழக்கில் இருக்கின்றது. ஒருவன் கூவினால் மற்றவன் செவியில் விழும் எல்லை அது. நாழிகைவழி என்பது ஒரு நாழிகைப் பொழுதில் ஒருவன் நடந்து கடக்கும் தொலைவு. நம் முன்னோர் தொலைவை அளக்கக் கோலையும் கயிற்றையும் மாத்திரம் எடுக்கவில்லை. குரலையும் காலையும் பொழுதையும் கொண்டு அளந்தனர் என்று விரித்துரைத்தோம். அப்பொழுது திமிலைதீவிலிருந்து வரும் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், எங்கட பிளேன் நிலையத்தில இருந்து கொழும்புக்கு எத்தனை நாழிகைவழி?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. நல்ல வினா என்று தோன்றியது. நாளைக்கு விடை கூறுகின்றோம் என்றோம்.

அன்று மாலை நூலகத்திலே தேசப்படத் தொகுதியை விரித்து வைத்து அமர்ந்தோம். திமிலைதீவு விமான நிலையம் வட அகலக்கோடு 7 பாகை 42 கலையிலும், கிழக்கு நெடுங்கோடு 81 பாகை 41 கலையிலும் உள்ளது. இரத்மலானை 6 பாகை 49 கலை, 79 பாகை 53 கலை. அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். நெடுங்கோட்டுப் பாகை நமது பகுதியில் அதனிற் சிறிதே குறைவு. நடுக்கோட்டை அண்மித்து வாழ்வதால் நமக்குக் கிடைத்த வசதி இது. ஆக, வடக்குத் தெற்காக 98 கிலோமீற்றரும், கிழக்கு மேற்காக 198 கிலோமீற்றரும் வருகின்றன. பைதகரசின் தேற்றம் பள்ளிக்கூடத்திற் படித்ததோடு மறந்துபோகவில்லை. மூலைவிட்டம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். பழைய கணக்கில் 137 மைல், நம்மூர்ப் பேச்சில் 137 கட்டை. இவ்வழியிற் பறந்த ஒற்றைப் பொறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் செல்வது. வகுத்துப் பார்த்தால் நாற்பத்தைந்து நிமிடம். நாழிகை ஒன்று 24 நிமிடமாதலின், இரண்டு நாழிகைக்குச் சற்றுக் குறைவு!

மறுநாள் இதனைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு வியந்தது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு இரண்டு நாழிகைவழி. எமக்கும் பெருமிதந்தான். அக்கணக்கில் அன்று பிழை ஏதும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. இன்றும் அதிற் பிழை இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

அதற்கு முன், வெளியூர்களில் வாழும் பழைய மாணவர்களுக்காக நிலையத்தைப் பற்றிச் சில சொற்கள். வாவியின் மேற்புறத்தே, வலையிறவுக்கு அணித்தாக அமைந்த இந்நிலையம் 1958 இல் திறக்கப்பட்டது. 1983 இல் விமானப்படையினர் வசமாயிற்று. எமது இளமைக் காலத்தில் அப்பக்கம் ஏறெடுத்துப் பார்க்கவும் அஞ்சினோம். 2016 ஆடி மாதத்திலே புதுப்பிக்கப்பட்டு மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். பெரிய விமானங்கள் இறங்க இயலாது. புகையிரதமோ 1928 இலேயே மட்டக்களப்பை எய்திவிட்டது. ஆயினும் அது மாகோ வரை வடக்கே சென்று, கல்லோயாச் சந்தியிலே திரும்பி, ஏறத்தாழ 350 கிலோமீற்றர் சுற்றி வருவது. உதயதேவியில் ஏறியவன் பகற்பொழுது முழுவதையும் அதற்கே கொடுத்துவிட வேண்டும். போர்க்காலத்திற் பல ஆண்டுகள் அந்தச் சுற்றுவழியும் இல்லாதிருந்தது. நாம் மாணாக்கராயிருந்த காலத்திலே கொழும்பு என்பது கிலோமீற்றரால் அளக்கப்பட்டதன்று. சோதனைச் சாவடிகளால் அளக்கப்பட்டது.

இனி எமது அன்னையாரைப் பற்றிக் கூறவேண்டும். அவர் படுவான்கரைச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். எழுத்து வாசிக்கத் தெரியும், தேசப்படம் தெரியாது. மண்டூர்த் திருவிழாவுக்கு நடந்தே சென்றவர். தொலைவு என்றால் அவருக்குக் கட்டை. அல்லது எந்த ஊரிற் பொழுது விடியும், எந்த மரத்தடியில் இளைப்பாறலாம் என்னும் கணக்கு.

எமது இளவல் பிறந்த இரவின் கதையை அவர் வாயாற் பலமுறை கேட்டிருக்கின்றோம். அக்காலத்தில் மண்முனையிற் பாலம் இல்லை. வாவியைக் கடப்பதற்குப் பாதை ஒன்றே துணை. (வெளியூர் வாசகர் மயங்கற்க. எம்மூரிற் பாதை என்பது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை.) நள்ளிரவிலே அம்மாவுக்கு நோவு கண்டு, தந்தையார் மாட்டுவண்டியில் ஏற்றித் துறைக்குக் கொணர்ந்தார். பாதை அக்கரையில் நின்றது. அக்கரை கூப்பிடுதூரந்தான், விளக்கு ஒன்று எரிவதும் தெரிந்தது. தந்தையார் கூவினார், வண்டிக்காரர் கூவினார். அன்று காற்று எதிர்க்காற்று. குரல் போய்ச் சேரவில்லை. விடியுமட்டும் கூவினர். கிழக்கு வெளுக்கும் வேளையிலே துறையருகில் இருந்த கொட்டிலில், அயலூர்க் கிழவி ஒருத்தியின் கையில் இளவல் பிறந்தான். "வாவிக்குக் கேட்டது, பாதைக்காரனுக்குக் கேக்கல்ல" என்று அம்மா சொல்லி முடிப்பார்.

அவ்விடத்திலே 2014 சித்திரையில் யப்பான் நாட்டு உதவியுடன் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 210 மீற்றர். பாலம் திறந்த சில நாட்களில் அன்னையாரை அங்கே அழைத்துச் சென்றோம். முச்சக்கரவண்டி ஒரு நிமிடத்துக்குள் அக்கரை சேர்ந்தது. அவர் ஒன்றும் கூறவில்லை. திரும்பி இன்னொரு முறை போகச் சொன்னார்.

இளவல் நம் கல்லூரியிலே பயின்றவன். இலண்டன் சென்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகி, மனைவி மக்களோடு அங்கு வாழ்ந்துவந்தான். 2019 மாசியில் அன்னையார் நோயுற்றுப் படுத்தார். இருதயமும் சிறுநீரகமும் ஒருங்கே தளர்ந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தியர் எம்மைத் தனியே அழைத்து, பிள்ளைகள் எவரேனும் தூரத்தில் இருந்தால் அறிவித்துவிடுங்கள் என்றார். அன்றிரவே தொலைபேசியில் அறிவித்தோம்.

"அண்ணா, இண்டைக்கே வெளிக்கிடட்டோ? வெள்ளிக்கிழமை எண்டா வேலையில லீவு எடுக்க லேசு. நீங்க சொல்லுங்க" என்றான்.

அன்று மாலை அம்மா கஞ்சி குடித்திருந்தார். அயல்வீட்டாரோடு இரண்டு வார்த்தை பேசியுமிருந்தார். நாம் கணக்குப் பார்த்தோம். இலண்டனிலிருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரே பறக்கும் விமானத்துக்குப் பத்தரை மணி, மிஞ்சினால் பதினொரு மணி. அதன்மேல் எமது இரண்டு நாழிகைவழி. ஆபத்து நேர்ந்தாலும் ஒரு பகற்பொழுதில் வந்துவிடலாம். "வெள்ளிக்கிழமை வா. அரை நாள் பயணந்தானே" என்றோம். அவன் எம் சொல்லைத் தட்டியதில்லை. சின்ன வயதில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் நாமே.

அன்பர்களே, விமானப் பயணத்துக்கு எழுதப்படும் நேரம் எதைக் குறிக்கின்றது என்பதை நாம் பின்னரே கருத்தூன்றிப் படித்தோம். இரு நிலையங்களுக்கிடையே நூல் பிடித்தாற்போல் அளந்த தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து வருவது ஒன்று. அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், ஏறி இறங்குவதும், வானிலே வட்டமிட்டுக் காத்து நிற்பதும் சேரா. காற்றும் சேராது. மேலே மேற்கிலிருந்து கிழக்காக வலிய காற்றோட்டம் உண்டு. இலண்டனிலிருந்து இங்கு வருவோரை அது தள்ளிவிடும், இங்கிருந்து போவோரை எதிர்க்கும். ஆதலாற் போக்கும் வரவும் ஒரே நேரமாவதில்லை. தூரம் இருமடங்கானால் நேரமும் இருமடங்காகும் என்று நினைப்பதும் தவறே. சென்னையிலிருந்து பலாலி ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கட்டுநாயக்க ஏறத்தாழ 645. அதே ஆண்டின் பிற்பகுதியிற் பலாலிக்குச் சென்னைச் சேவை தொடங்கியபோது இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமென்றே அட்டவணையிற் போட்டிருந்தனர். முன்னதிற் சுழல்விசிறி விமானம், பின்னதில் யெற் விமானம். இலங்கையிலிருந்து சென்னைக்கு 10-12-1947 அன்று முதன்முதலாகப் புறப்பட்ட எயர் சிலோன் விமானமும் இரத்மலானையிலிருந்து பலாலி சென்று, இறங்கி, ஏறியே அக்கரை சேர்ந்தது. இறங்கி ஏறும் பொழுதுதான் பயணத்தைத் தின்பது. இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் எமது பிழை முழுவதும் அதில் அடங்காது. விமானங்களுக்கு இடையே மனிதன் நிற்கும் பொழுதை நாம் கணக்கில் எடுக்கவேயில்லை.

வெள்ளி இரவு இலண்டனிற் புறப்பட்டவன் சனிக்கிழமை பகல் 12.50 க்குக் கட்டுநாயக்கவில் இறங்கினான். பத்து மணி நாற்பது நிமிடம். கணக்கு அதுவரை சரி. ஆனால் மட்டக்களப்புக்கான சிறு விமானம் காலையிலேயே போய்விட்டது. அடுத்தது திங்கட்கிழமை என்றனர். இருந்திருந்தாலும் அது இரத்மலானையிலிருந்து எழுவது; கட்டுநாயக்கவுக்கும் அதற்கும் நேர்கோட்டில் 40 கிலோமீற்றர்; இடையே கொழும்பு மாநகரம் முழுவதும் கிடக்கின்றது. கட்டுநாயக்கவிலிருந்து எமது வீடு நேர்கோட்டில் 206 கிலோமீற்றர்தான், தெருவழியோ 300. குடிவரவுப் பகுதியையும் பொதிகளையும் கடந்து, வான் ஒன்று பேசி அமர்த்தி, அவன் வெளியே வரும்போது பிற்பகல் இரண்டு மணி.

அம்மா காலையிலிருந்தே தளர்ந்துவிட்டார். கண்களை மூடியவாறே, "மனே, தம்பி எங்க வந்திற்றான்?" என்பார். தொலைபேசியில் அவன் கூறியதை நாம் அவர் செவியிற் கூறுவோம். கட்டுநாயக்க என்றபோது, "அது எத்தின கட்டை?" என்று கேட்டார். நூற்றெண்பத்தாறு கட்டை என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நடந்தா வாறான்?" என்றார். அவர் பகடி பேசக் கூடியவர். ஆனால் அது பகடியா, உள்ளபடி கேட்டதா என்பது எமக்கு இன்றுவரை துணியவில்லை.

குருநாகல் என்றோம். தம்புள்ளை என்றோம். ஐந்தரை மணிக்கு அபரணை என்றோம். ஒவ்வொரு பெயருக்கும் தலையை அசைத்தார். அவ்வூர்களை அவர் கண்டதில்லை. ஆயினும் எல்லாம் இந்தப் பக்கமாக வருகின்றன என்பது போதுமானதாயிருந்தது. அபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையே காடு; மாலையில் யானைகள் தெருவுக்கு வரும்; வாகனங்கள் ஊர்ந்தே செல்லும்; தொலைபேசியும் இடையிடையே அறுந்துபோகும். அந்தக் காட்டினூடே இளவல் வந்துகொண்டிருந்த வேளையில், வீடுகளில் விளக்கேற்றும் பொழுதிலே, அம்மா எம்மிடம் மீண்டும் கேட்பதற்காக வாயெடுத்தார். கேட்கவில்லை.

பொலனறுவையிலிருந்து அவன் அழைத்தான். "அம்மா எப்படி அண்ணா?" அம்மா நித்திரை என்றோம். மன்னம்பிட்டியிற் கேட்டான், நித்திரை என்றோம். வாழைச்சேனையில் அவன் கேட்கவில்லை. எங்கே வந்திருக்கின்றான் என்பதை மாத்திரம் கூறினான். அறிந்துகொண்டான் என்பதை நாமும் அறிந்துகொண்டோம். ஒன்பது மணிக்குச் சில நிமிடம் இருக்கையில் வான் படலையில் வந்து நின்றது.

8,700 கிலோமீற்றரைப் பத்து மணி நாற்பது நிமிடத்திற் கடந்தவன், எஞ்சிய 206 கிலோமீற்றருக்கு எட்டு மணி நேரம் கொடுத்தான். முன்னது மணிக்கு எண்ணூறுக்கு மேல். பின்னதை வகுத்துப் பார்த்தால் மணிக்கு இருபத்தைந்து; துவிச்சக்கர வண்டியை முடுகி மிதிக்கும் இளைஞன் ஒருவனின் வேகம். இக்கணக்கை நாம் செத்த வீட்டிலே, ஆட்கள் போனபின், பஞ்சாங்கத்தின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். துன்பத்தில் மனிதன் எதைத்தான் செய்யான்?

செவ்வாய்க்கிழமை இரவே புறப்படு என்று ஒரு சொற் சொல்லியிருந்தால், புதனோ வியாழனோ அவன் வந்திருப்பான். அம்மா அந்நாட்களிற் பேசிக்கொண்டிருந்தார். இதனை இளவல் ஒருபொழுதும் எம்மிடம் கூறவில்லை. எட்டுச் செலவு வரை தங்கினான். சுவரிலே தொங்கிய எமது பழைய வகுப்புப் படங்களை இறக்கித் தூசி துடைத்தான். பிள்ளைகளுக்கு வேண்டுமென அம்மாவின் குரல் பதிந்த எதுவும் இருக்கின்றதா என்று கேட்டான். இருந்தது, ஒரு நிமிடமும் இல்லாத ஒரு பதிவு. கோழிக்குத் தவிடு குழைக்கும்படி யாரையோ ஏசுகின்றார். அதை இருபது முறையாவது கேட்டிருப்பான். எம்மீது குறை கூறியிருந்தாற் பதில் கூறியிருப்போம். கூறாதவனுக்கு என்ன பதில் கூறுவது?

அந்த வகுப்பு மாணாக்கர் துக்கம் விசாரிக்க வந்தனர். நாழிகைவழி கேட்ட மாணாக்கனும் வந்திருந்தான். அவனுக்கு நாம் கொடுத்த விடையைத் திருத்த வேண்டும் என்று பலநாள் எண்ணினோம். எப்படித் திருத்துவது என்பது விளங்கவில்லை. நாழிகைவழி என்பது நடப்பவன் தன் வீட்டு வாயிலிற் காலெடுத்து வைத்ததிலிருந்து அடுத்தவன் வாயிலில் நிற்பது வரை. விமானத்துக்கு அப்படி வாயில் இல்லை. அதன் தொலைவு ஓடுபாதையிலே தொடங்கி ஓடுபாதையிலே முடிகின்றது. இரண்டையும் ஒன்றாக்கிக் கரும்பலகையில் எழுதியது எமது அவசரம். பின்னர் வந்த வகுப்புகளில் இப்பாடம் நடத்தும்போது இதனைச் சேர்த்தே கூறிவருகின்றோம், காரணத்தைக் கூறுவதில்லை.

யூபிலி விழாவுக்காக உலகெங்குமிருந்து பழைய மாணவர்கள் வரவிருக்கின்றனர். வயது முதிர்ந்த பெற்றோரை இவ்வாவிக்கரையில் விட்டுச் சென்றோர் அவர்களிற் பலர். தொலைபேசியில் அவர்கள் எம்மிடம் கேட்பது பெரும்பாலும் இதுவே: சேர், இறங்கினால் எத்தனை மணிக்கு வீடு வரலாம்? இறங்கிய நேரத்திலிருந்து எட்டு மணி கூட்டிக்கொள்ளுங்கள் என்றே கூறுகின்றோம். மழை என்றால் ஒன்பது. அவர்கள் வியக்கின்றனர். கூகிள் ஆறரை என்கின்றதே என்கின்றனர். இருக்கலாம் என்போம்.

எட்டுச் செலவு முடிந்து இளவல் திரும்பியபோது, சிறு விமானத்தில் இடம் கிடைத்தது. திமிலைதீவுக்கு அவனைக் கொண்டுபோய் விட்டோம். வீடு சேருமுன்னரே விமானம் எழுந்து, வலையிறவுக்கு மேலாகத் தாழப் பறந்து, வாவியைக் கடந்து, மேற்கே திரும்பியது. படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று எண்ணியும் பார்த்துவிட்டோம். முற்றத்தைக் கூட்டி, அம்மாவின் கோழிகளுக்குத் தவிடு குழைத்து வைத்துக் கை கழுவிக்கொண்டிருக்கையிலே தொலைபேசி அடித்தது.

"இறங்கிற்றன் அண்ணா" என்றான்.

நாற்பத்தாறு நிமிடம்.